மூப்பின்மேல் சுமத்தும் பழி



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில், கோவிலுக்கு வர இயலாதோரின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் பங்கின் நெடுநாள் வழக்கம். அதற்கென ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே வருகிறது. "அம்மா ஏன் இப்போது வெளியே வருவதில்லை?" என்று வாசலில் நின்று கேட்டால், கிடைக்கும் மறுமொழி எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: "வயசாகிப் போச்சு சாமி." மகன் சொல்கிறார், மருமகள் சொல்கிறார், கட்டிலில் கிடப்பவரும் அதையே சொல்கிறார். அந்த மறுமொழி உண்மையன்று என்பது என் துணிபு. அதை விளக்கவே இன்று எழுதுகிறேன்.

அப்பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவர் எதனால் வீட்டோடு முடங்கினார் என்று பொறுமையாக வினவிப் பாருங்கள். ஒருவருக்கு இரத்த அழுத்தம் முற்றிப் பக்கவாதம். ஒருவருக்குச் சர்க்கரை நோயால் புண் ஆறாமல் பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னொருவருக்கு அதே சர்க்கரையால் கண் போயிற்று. மற்றொருவர் இளமை முதல் சுருட்டுப் பிடித்தவர். இன்று கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இவர்களுள் வெறும் வயதினால் முடங்கியவர் எவர்? இவர்களைவிட மூத்தவர்கள் சிலர் ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்ந்து, பாடற்குழுவுக்கும் முந்திக்கொண்டு பாடுகிறார்கள். (தாளம் தப்புவது வேறு செய்தி.) எண்பது வயது என்பது இருவருக்கும் பொது. ஒருவருக்கு மட்டும் படி இறங்க முடியாமற் போனது நோயினால். அதுவும் உரிய காலத்தில் கவனிக்கப்படாத நோயினால்.

நாட்பட்ட நோய் ஒரே நாளில் எவரையும் முடக்குவதில்லை. இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதில் அது வருகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்கும் இடையூறு இல்லை. இருபது ஆண்டுகள் அது குருதிக் குழாய்களை இறுகச் செய்துகொண்டே இருக்கிறது. அறுபத்தைந்தாம் வயதில் ஒரு விடியற்காலையில் வாய் கோணி வலக்கை விழுந்துவிடுகிறது. உடனே சுற்றத்தார் அனைவரும், "திடீரென்று வந்துவிட்டது" என்கிறார்கள். இருபது ஆண்டுகள் நடந்து வந்த ஒன்றைத் திடீரென்று வந்தது என்கிறோம்! சர்க்கரையும் அப்படித்தான். அது முதலில் பாதத்தின் உணர்ச்சியைத் திருடுகிறது. வார்ச்செருப்புக்குள் சிக்கிய கல் குத்துவது தெரிவதில்லை. புண் வந்ததும் தெரிவதில்லை. நாற்றம் வந்த பிறகே வீட்டார் பார்க்கிறார்கள்.

முதுமையில் ஒரு நோய் தனியே வந்து தனியே இருப்பதும் அரிது. முழங்கால் வலியால் நடை குறைகிறது. நடை குறைந்ததால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரையால் கண் மங்குகிறது. கண் மங்கியதால் ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்க்கிறார், கண் மருத்துவர் கண்ணைப் பார்க்கிறார். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி அந்த முழங்கால் வலி என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் வீட்டார் மட்டுமே. அவர்களோ அப்போதும் "வயசாகிப் போச்சு" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டு அமைந்துவிட்டார்கள்.

நம் நாட்டின் நிலையைச் சற்றே பாருங்கள். 2014ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கின்படி மியான்மரில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 45 இலட்சம் பேர். அதே ஆண்டில் 25 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரிடையே நாடு தழுவி நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 26 பேருக்கு இரத்த அழுத்தமும், நூற்றுக்கு 10 பேருக்குச் சர்க்கரை நோயும் இருப்பது தெரிந்தது. அந்த 25 முதல் 64 வயதினர்தாம் நாளைய முதியோர். அவர்களுள் ஒரு பகுதியினர் இப்பொழுதே முதியோராகிவிட்டனர். நாப்பி இல்லாத குழம்பு குழம்பே இல்லை என்னும் ஊரில், உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் எத்தனை பகையைச் சம்பாதிப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருவர் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்துவிட்டார் என்பதை அறிய மருத்துவ உலகில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. சிட்னி காட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1963இல் வெளியிட்டது அது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், கட்டிலிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைத் துணையின்றிச் செய்கிறாரா என்று பார்ப்பது, அவ்வளவுதான். இந்த ஆற்றல்கள் கைவிட்டுப் போவதில் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு: முதலில் போவது குளியல், கடைசியில் போவது உண்ணுதல். குழந்தை கற்றுக்கொண்ட வரிசைக்கு இது தலைகீழ் என்பதை அவர்களே கண்டு சொன்னார்கள்.

குளியல் முதலில் போகிறது என்பதை நம் வீடுகளில் வைத்து எண்ணிப் பாருங்கள். தொட்டி நீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள் நாம். குனிய வேண்டும், நிமிர வேண்டும், வழுக்கும் தரையில் நிலைகொள்ள வேண்டும். கழிப்பறையோ குந்தி அமர்வது. பிடித்து எழக் கைப்பிடி கிடையாது. ஆகவே நம் முதியவர் குளிப்பதைக் குறைக்கிறார். "குளிராக இருக்கிறது" என்கிறார். (ஏப்ரல் மாதத்து யாங்கோனில் குளிராம்!) கழிப்பறைக்குப் பலமுறை எழ அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறார். இதை வீட்டார் பிடிவாதம் என்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ளும் ஒவ்வொரு நாளும் மருத்துவரிடம் போக வேண்டிய ஒரு நாள் வீணாகிறது. ஆதலால் பெற்றோரிடம் தொலைபேசியில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளே, அந்தக் கேள்விக்கு "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில் மட்டுமே வரும். "நேற்று நீங்களே தண்ணீர் ஊற்றிக் குளித்தீர்களா, யாராவது ஊற்றினார்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாகக் கொள்ளுங்கள்.

உடலின் குறை மட்டுமே ஒருவரை ஊனமுற்றவராக்குவதில்லை. அவர் வாழும் இடமும் சேர்ந்தே ஆக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு இதை அடிப்படையாகவே கொண்டிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள நமக்குப் புத்தகம் தேவையில்லை. நகரின் நடுப்பகுதியில் எண்ணிட்ட தெருக்களுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் போதும். ஆறு மாடி, ஏழு மாடி, எட்டு மாடி, மின்தூக்கி கிடையாது. ஒருவர் செல்லும் அகலத்தில் செங்குத்தான படிகள். மேல்மாடங்களிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. கயிற்றின் நுனியில் ஒரு கவ்வி அல்லது பை. செய்தித்தாளும் காய்கறியும் அதில்தான் மேலே போகின்றன. அயல்நாட்டார் அதை வேடிக்கையாகப் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கயிறுகளுள் சிலவற்றின் மறுமுனையில், ஆண்டுக்கணக்கில் தெருவை மிதிக்காத ஒருவர் இருக்கிறார் என்பது படத்தில் தெரியாது. தரைத்தளத்தில் குடியிருந்தால் கைத்தடியோடு கோவிலுக்கு வரக்கூடிய முழங்கால்தான் அது. ஆறாம் மாடியில் அதே முழங்கால் ஆயுள் சிறையாகிவிடுகிறது.

கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து கூரையைத் திறந்து இறக்கியதை மாற்கு எழுதியிருக்கிறார். எங்கள் தெருக்களிலும் நோயாளியை நாற்காலியில் வைத்துக் கட்டி நால்வர்தான் இறக்குகிறார்கள். இப்போது அந்த நால்வரைத் தேட வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைப்படுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தபின் இளைஞர் பலர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். அதன் சரி தவறுகளை இங்கே பேச நான் வரவில்லை. மூன்று மாடிப் படியில் முதியவரைச் சுமக்கும் தோள்கள் தெருவில் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மின்வெட்டும் கூடவே இருக்கிறது. குளிர்பெட்டியில் வைத்த இன்சுலின் என்ன ஆகும்? மூச்சுக்கு உதவும் கருவி என்ன ஆகும்? இருட்டுப் படியில் கண் மங்கியவர் கால் வைப்பது எங்ஙனம்?

இனி நம் பாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை, சிலருக்குக் கசக்கும். பக்கவாதம் வந்து பிழைத்தவரையும், எலும்பு முறிந்து தேறியவரையும் நாம் என்ன செய்கிறோம்? படுக்க வைக்கிறோம். "நீங்கள் அசைய வேண்டாம் அப்பா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்துவிட்டது. நோயில்லாதவர்க்கே அந்நிலை. நம் வீடுகளில் பத்து மாதம் கிடத்துகிறோம். பிறகு எழ முடியவில்லை என்றதும், மறுபடியும் வயதின்மேல் பழி! தேநீர்க் கோப்பையைத் தானே எடுக்க விடாத மகள் அன்புள்ளவள்தான். ஆயினும் அந்தக் கையை வலுவிழக்கச் செய்பவளும் அவளே. மருத்துவர் அனுமதித்த பின்னும் நடக்க விடாமல் வைப்பது கொடுமை என்றே சொல்வேன். விழுந்துவிடுவாரே என்றால், சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள். ஒரு தச்சருக்குக் கொடுக்கும் அரைநாட் கூலி அது.

மருந்து விலை ஏறிவிட்டது என்பீர்கள். மெய்தான். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,300 சாட். பின்னர் வெளிச்சந்தையில் அது மூன்று மடங்கையும் தாண்டியது. நம் மருந்துகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. கப்பல் கூலியும் எல்லைத் தடையும் மாத்திரை அட்டையின் விலையில் ஏறுகின்றன. எனவே ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வோர் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பங்கிட்டுக்கொள்வோரும் உண்டு. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையே நிறுத்திவிடுவோர்தாம் மிகுதி. அம்லோடிபின், மெட்ஃபார்மின் போன்றவை பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, ஒப்பீட்டளவில் மலிவான மருந்துகள். அவற்றை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் காசு, பக்கவாதம் வந்த முதல் நாளிலேயே வாடகை வண்டிக்கும் ஊசிக்கும் போய்விடும். அதற்குப் பின் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவளுடைய இழந்த கூலியை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

அரசு உதவி என்று பார்த்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2015இலும், முதியோர் சட்டம் 2016இலும் வந்தன. 2017இல் 90 வயதைக் கடந்தோருக்கு மாதம் 10,000 சாட் உதவித்தொகை தொடங்கியது. மறு ஆண்டில் வயது வரம்பு 85ஆகக் குறைக்கப்பட்டது. நன்று. ஆனால் பக்கவாதம் 85 வயது வரை காத்திருப்பதில்லை. 65இல் கைகால் விழுந்தவர் அந்தக் கணக்கின்படி இருபது ஆண்டு உயிரோடு இருந்து காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது, முடங்கியவருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி தருவது என்பன அதன் உள்ளடக்கம். அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் செல்கிறார்கள். அது ஓர் அரசின் பணம், ஓர் அரசின் ஆள்பலம். நம்மால் அதைச் செய்ய இயலாது. ஆயினும் அதில் ஒரு பகுதி, அதாவது படியேறிச் சென்று மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, பணத்தினால் ஆகும் காரியம் அன்று. நம் மரியாயின் சேனையினர் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். செபமாலையோடு சேர்த்து மாத்திரை அட்டையையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

"கோவில் மருத்துவமனையா சாமி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் கணக்கேட்டை எடுத்துப் பாருங்கள். சவப்பெட்டிக்கு உதவுகிறோம். மலர்வளையம் வைக்கிறோம். யேவே கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி அமர்த்துகிறோம். முப்பதாம் நாள் விருந்துக்குக் கடன் வாங்கியாவது பிரியாணி போடுகிறோம். இறந்தவருக்குச் செலவிடுவது கோவிலின் வேலை என்றால், அவரை எழுந்து நடக்க வைக்கச் செலவிடுவது யார் வேலை? இந்த நகரிலேயே 2001இல் இயக்குநர் துக்காவும் நடிகர் ஜோ தூவும் இலவச இறுதிச் சடங்குச் சேவைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழைகளின் சடலத்தைக் கட்டணமின்றி எடுத்துச் செல்வதே அதன் பணி. சில ஆண்டுகளில் அதே சங்கம் இலவச மருத்துவ நிலையம் ஒன்றையும் திறந்தது. சடலம் சுமக்க வந்தவர்கள் மருந்து கொடுக்கத் தொடங்கியது நம் கண்முன் நடந்தது.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது பக்தியின் உடையில் வருகிறது. "ஆண்டவர் கொடுத்த சிலுவை, சுமக்கத்தான் வேண்டும்." தீராத துன்பத்தை விசுவாசத்தோடு ஏற்போரின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு மாத்திரையாலும் ஒரு கைப்பிடியாலும் விலகியிருக்கக்கூடிய துன்பத்துக்கு ஆண்டவரின் பெயரை இடுவதை ஏற்க மாட்டேன். நம் முன்னோர் நோயில்பூசுதலை 'அவஸ்தைப்பூசுதல்' என்றார்கள். உயிர் தொண்டைக்குழிக்கு வந்த பிறகே குருவை அழைத்தார்கள். அது சாகும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று, நோயினாலோ மூப்பினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறத் தக்கது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்னமும் நள்ளிரவில்தான் அழைப்பு வருகிறது. மருத்துவரையும் அப்படித்தான் அழைக்கிறோம். இரண்டு தாமதத்துக்கும் வேர் ஒன்றே.

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சின் சேன்-செர்வான் என்னும் ஊரில், பார்வையற்று உடலும் முடங்கிய ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தம் கட்டிலையே கொடுத்தார் புனித ழான் ஜுகான். அவர் தொடங்கிய சபையின் அருட்சகோதரிகள் இன்றும் நம் நகரில் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். அங்கே ஒரு பகற்பொழுது சும்மா அமர்ந்து பாருங்கள். எவரையும் காரணமின்றிக் கட்டிலில் கிடத்துவதில்லை. உடுத்தி, எழுப்பி, சக்கர நாற்காலியிலேனும் வெயிலுக்குக் கொண்டு வருகிறார்கள். நம் வீடுகளில் கற்க வேண்டியது அந்த ஒரு பழக்கத்தையே.

ஆகவே வருகிற ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பின், கோவிலின் பக்கவாட்டு வாசலில் ஒரு மேசையும் இரத்த அழுத்தக் கருவியும் இருக்கும். நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் இருவர் அமர ஒப்புக்கொண்டுள்ளனர். நாற்பது வயதைக் கடந்த அனைவரும் கை நீட்ட வேண்டும். பாடற்குழுவினரும் பங்குப் பேரவையினரும் விலக்கல்லர். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தீர்ந்துபோன வெற்று அட்டைகளையும் சேர்த்து. தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ வீடு வைத்திருப்போர், மேல்மாடி முதியவர் ஒருவரோடு வீடு மாற்றிக்கொள்ளவோ குறைந்த வாடகைக்குக் கொடுக்கவோ முன்வந்தால் என்னிடம் தனியே பேசுங்கள். வெளிநாட்டில் இருப்போர் இவ்வாண்டு திருவிழாவின் வாணவேடிக்கைக்கு அனுப்ப எண்ணிய தொகையை மருந்து நிதிக்கு மாற்றலாம்.

படி இறங்க இயலாதோரின் பெயர், தெரு எண், மாடி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகப் பெட்டியில் இடுங்கள். உங்கள் பகுதியின் மின்வெட்டு நேரத்தையும் மறவாமல் குறியுங்கள். அதற்கேற்பக் கைவிளக்கு எடுத்துக்கொண்டு வருகிறோம்.